எம்ஜிபியின் இரண்டு ஸ்டார்ட்டர்கள்

இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான கார் எம்ஜிபி. சாவியைத் திருப்பியும் அதன் எஞ்சின் சுழலவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது, ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தை அனுப்பும் சோலனாய்டு எங்கே இருக்கிறது என்பதை. மோட்டாரை விட்டுத் தனியே இருந்தால் பழைய வகை. மோட்டாரின் முதுகிலேயே இருந்தால் 1967 இறுதியில் மார்க் 2 மாடலோடு வந்த புதிய வகை. இரண்டும் எழுப்பும் ஓசை ஒன்றாக இருக்கலாம், கோளாறு ஒன்றல்ல.

பழையதில் மோட்டார் முதலில் சுழலும். அந்த வேகத்தில் பினியன் என்ற சிறு பல்சக்கரம் மரையில் நகர்ந்து எஞ்சினின் ஃப்ளைவீல் பல்லைப் பற்றும். புதியதில் சோலனாய்டு முதலில் பினியனைப் பல்லுக்குள் தள்ளும். அதன் பிறகே மோட்டாருக்கு முழு மின்சாரம் போகும்.

மோட்டார் விர்ரென்று சுற்றியும் எஞ்சின் அசையவில்லையா? பழையதில் பெரும்பாலும் மரையில் அழுக்கு. மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்த வேண்டும். எண்ணெய் விட்டால் கிளட்ச் தூசி ஒட்டி மறுபடி சிக்கும். புதியதில் பினியனின் ஒருவழிக் கிளட்ச் வழுக்கியிருக்கும். கழுவிப் பயனில்லை, மாற்ற வேண்டும்.

'டொக்' என்ற ஓசையோடு நின்றால் ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். வெளிச்சம் சட்டென மங்கினால் இரண்டிலும் முதல் சந்தேகம் பேட்டரி மேல். அது நன்றாக இருந்தால், பழையதில் பினியன் பல்லில் இறுகியிருக்கலாம். மோட்டார் தண்டின் சதுர முனையை ஸ்பேனரால் திருப்பினால் விடுபடும். வெளிச்சம் மங்கவே இல்லையென்றால், சோலனாய்டுக்குள் மின்தொடுமுனைகள் கருகியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஓசையே இல்லையா? கியரை நியூட்ரலில் வைத்து, பழைய சோலனாய்டின் ரப்பர் பொத்தானை அழுத்துங்கள். எஞ்சின் சுற்றினால் பழுது சாவி ஸ்விட்சிலோ அதன் வயரிலோதான். புதியதில் அந்தப் பொத்தான் இல்லை. ஒருவர் சாவியைத் திருப்ப, சோலனாய்டின் சிறு வயருக்கு 12 வோல்ட் வருகிறதா என்று மற்றவர் மீட்டரில் பார்க்க வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான பலவீனங்கள் உண்டு. 1974 வரை இருக்கைக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருந்தன. அவற்றை இணைக்கும் கேபிள் அரித்தாலே எல்லாம் நின்றுவிடும். எஞ்சின் ரப்பர் மீது அமர்ந்திருப்பதால் எர்த் பட்டையும் உறுதியாக இருக்க வேண்டும். ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது: ஆலையிலிருந்து வந்தபடி, பழைய ஸ்டார்ட்டர் கொண்ட மார்க் 1-இல் பாசிட்டிவ் எர்த், மார்க் 2-இல் நெகட்டிவ் எர்த்.

புதியது பல்லைக் காக்கும். பழையதைச் சாலையோரத்திலேயே கையால் சரிசெய்யலாம். எதுவானாலும், இந்தச் சோதனைகளை முடிக்காமல் ஸ்டார்ட்டரைக் கழற்றுவது வீண் உழைப்பு.