கார் ஏசி கம்ப்ரசர் பழுதும் எஞ்சின் கொதிப்பும்

எஞ்சினின் கிராங்க் தண்டிலிருந்து வரும் பெல்ட்டால் சுழன்று, குளிர்பதன வாயுவை அழுத்திக் கண்டன்சருக்குத் தள்ளும் கருவியே கார் ஏசியின் கம்ப்ரசர். பயன்படும் வாயு பெரும்பாலும் ஆர்-134ஏ. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மான்ட்ரியல் உடன்படிக்கையால் ஆர்-12 விலக்கப்பட, 1990களில் அந்த இடத்துக்கு இது வந்தது.

கண்டன்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறது. அது கக்கும் சூட்டுக் காற்றே ரேடியேட்டருக்குள் புகுகிறது. பெரும்பாலான கார்களில் இரண்டுக்கும் பொதுவாக ஒரே மின்விசிறி அமைப்புதான். அதனால் ஏசி நிற்பதும் எஞ்சின் கொதிப்பதும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது விசிறியை. சிக்னலில் நிற்கும்போது குளிர்ச்சி குறைந்து, வெப்பமுள் ஏறி, நெடுஞ்சாலையில் ஓடத் தொடங்கியதும் இரண்டும் சரியானால் விசிறி மோட்டார், ரிலே, ஃபியூஸ் இவற்றில் ஒன்றில் கோளாறு இருக்கலாம். வேகமாக ஓடும்போதுதான் சூடேறுகிறது என்றால் அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், திறக்காத தெர்மோஸ்டாட் பக்கம் போக வேண்டும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் பல கார்களின் கணினியே கம்ப்ரசரைப் பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச்சைத் துண்டித்துவிடும். நலமாக இருக்கும் கம்ப்ரசர் இப்படித்தான் வீணாகப் பழி சுமந்து கழற்றப்படுகிறது.

ஏசி போட்டதும் 'டக்' என்ற ஒலியுடன் கிளட்ச் தட்டு பற்ற வேண்டும். பற்றாவிட்டால் கிளட்ச்சின் மின்சுருளுக்கு 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்கலாம். மின்சாரம் வந்தும் பற்றவில்லையென்றால் சுருள் எரிந்திருக்கும், அல்லது தட்டின் இடைவெளி கூடியிருக்கும். மின்சாரமே வராததற்குப் பெரும்பாலும் கேஸ் கசிவு காரணம்: அழுத்தம் குறைந்தால் பிரஷர் சுவிட்ச் இணைப்பைத் தடுத்துவிடும்.

ஏசி ஓடாதபோது, 30 டிகிரி செல்சியஸில், ஆர்-134ஏ அமைப்பின் தாழ் அழுத்தப் பக்கம், உயர் அழுத்தப் பக்கம் இரண்டிலும் அழுத்தமானி ஏறத்தாழ 95 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே துளி திரவம் மிஞ்சியிருந்தாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும் என்பதால், இதை வைத்துக் கேஸின் அளவைச் சொல்ல முடியாது. ஓடும்போது எடுக்கும் அளவே பேசும். இரு பக்கமும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் உயர்ந்திருந்தால் கண்டன்சர் சூட்டை வெளியேற்றவில்லை, அல்லது கேஸ் மிகுதி. தாழ்பக்கம் உயர்ந்து உயர்பக்கம் தாழ்ந்திருந்தால்தான் கம்ப்ரசரின் உள்தேய்மானத்தைச் சொல்லலாம்.

இறுகிப்போன கம்ப்ரசர் பெல்ட்டை அறுக்கும். அதே பெல்ட்டில் வாட்டர் பம்பும் ஓடும் எஞ்சினாக இருந்தால் கூலன்ட் ஓட்டம் நின்று சில நிமிடங்களில் கொதிக்கும். அந்நிலையில் வண்டியை ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போய்விடும். சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது.

உள்ளே சிதைந்த கம்ப்ரசர் உலோகத் துகள்களைக் குழாயெங்கும் பரப்பியிருக்கும். குழாய்களைக் கழுவி, டிரையரையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றாமல் புதியதை மட்டும் பூட்டினால் அந்தத் துகள்களே அதையும் தின்றுவிடும். நுண்குழாய் கண்டன்சரை முழுதாகக் கழுவ முடியாது. அதையும் மாற்றத்தான் வேண்டும்.