தூதுவர் வரிசை

விருந்தோம்பலை அறத்துப்பாலிலும் தூதினைப் பொருட்பாலிலும் வைத்து, இரண்டுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். நாடுகளின் உறவிலோ இவ்விரண்டும் ஓரிடத்தில் கூடுகின்றன. தூதுவர் தம் அரசின் குரலாவார். சென்ற நாட்டின் விருந்தினருமாவார். அவருக்கு எந்த இருக்கை, அவர் யாருக்கு முன்னே நடப்பது என்பனவெல்லாம் வெறும் ஆடம்பரம் என்று நாம் எண்ணக்கூடும். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

1661ஆம் ஆண்டு சுவீடன் நாட்டுத் தூதர் இலண்டன் வந்திறங்கினார். அவரை வரவேற்கும் ஊர்வலத்தில் முந்திச் செல்லும் உரிமை தமக்கே என்று பிரெஞ்சுத் தூதரும் ஸ்பானியத் தூதரும் பூசலிட்டனர். வண்டிகளோடு ஆயுதம் ஏந்திய ஆட்களும் வந்தனர். குதிரைகளை வண்டியோடு பிணைக்கும் வார்களை எதிரிகள் அறுத்துவிடாதபடி, ஸ்பானியர் இரும்புச் சங்கிலிகளைத் தோலால் மூடிப் பூட்டியிருந்தனராம். கோட்டையருகே நிகழ்ந்த கைகலப்பில் ஆட்கள் மாண்டனர். பிரெஞ்சுக் குதிரைகள் வெட்டுண்டு வீழ்ந்தன. ஸ்பானிய வண்டி முந்திச் சென்றது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி போர் தொடுப்பதாக அச்சுறுத்தினார். 1662இல் ஸ்பானிய மன்னர் பாரிசுக்குத் தனித் தூதரை அனுப்பி, தம் தூதர்கள் இனி இத்தகைய போட்டியில் இறங்கார் என்று பிறநாட்டுத் தூதர்கள் முன்னிலையில் உறுதி கூறச் செய்த பின்னரே சினம் தணிந்தது.

இதனை அரசர்களின் வீண் செருக்கு என்று மட்டும் தள்ளிவிட இயலாது. தூதரின் வண்டி அரசரின் பெருமையையே சுமந்து சென்றது. ஒருமுறை விட்டுக்கொடுத்தால் அதுவே நிலையான வழக்காகிவிடும் என்ற அச்சம் இருந்தது. பூசலைத் தீர்க்க அனைவரும் ஏற்ற விதி ஒன்றும் இல்லை.

அவ்விதி 1815 மார்ச் 19இல் வியன்னா மாநாட்டில் பிறந்தது. எட்டு அரசுகள் கையொப்பமிட்ட அவ்வொழுங்குமுறை தூதர்களை மூன்று வகுப்பினராகப் பிரித்தது. ஒரே வகுப்பினருள் முந்தியவர் யார்? படைவலியோ, அரசகுடும்ப உறவோ, நட்போ அதனை முடிவு செய்யாது. வருகையை முறைப்படி அறிவித்த நாளே முடிவு செய்யும். ஒவ்வொரு நாடும் ஒரு வகுப்புத் தூதர் அனைவரையும் ஒரே முறையில் வரவேற்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. 1961இல் உருவான வியன்னா உடன்படிக்கையும் இக்கொள்கைகளைப் பேணிக்கொண்டது.

இங்கே நாம் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1815இல் வியன்னாவில் கூடியவர்கள் ஐரோப்பிய அரசினரே. நம் நாட்டின் பெரும்பகுதி அப்போது கும்பெனியாரின் பிடியில் இருந்தது. நமக்கு அங்கே இருக்கை இல்லை. ஆயினும் வல்லரசுகள் தமக்குள் பூசலைத் தவிர்க்க வகுத்துக்கொண்ட அவ்விதி, இருபதாம் நூற்றாண்டில் விடுதலை பெற்ற நாடுகளுக்கும் காப்பாயிற்று. இன்று சின்னஞ்சிறு தீவு நாட்டின் தூதர் முன்னதாகப் பொறுப்பேற்றிருந்தால், பின்னர் வந்த வல்லரசின் தூதருக்கு முன் நிற்பார்.

நடைமுறை ஒழுங்கு பகையை அன்பாக மாற்றிவிடாது. போர்களை முற்றும் தடுத்ததும் இல்லை. ஆனால் பேச வந்தவர்கள் வாயிலிலேயே மோதிக்கொள்ளாமல் உள்ளே சென்று அமர வழி செய்தது. பந்தியில் ஆள் பார்த்து இலை போடுவதை இழிவென்று கருதும் நமக்கு, இதன் அருமை விளங்காமற் போகாது.