சேற்றுக்கும் ஒரு செக்ரோல்

ஆயர் தாவார் என்றால் மலாயில் நன்னீர். கடலோர மாவட்டத்து ஊருக்கு இப்படியொரு பெயர். இங்குள்ள தமிழர் நினைவும் பெயரைப் போலத்தான்: பால்மரம், லயம், பெரட்டுக்களம். கடலா? அது மீன் வாங்குற இடம், அவ்வளவுதான்.

ஆனால் நமக்கு வடக்கே, பாகான் பாஞ்சோரிலிருந்து குவாலா கூலா வரை மாத்தாங் சதுப்புக்காடு கிடக்கிறது. ஏறக்குறைய 40,000 ஹெக்டர். அதன் வரலாற்றை வாசிக்கும்போது எனக்குத் தோட்டத்துச் செக்ரோல்தான் ஞாபகம் வருகிறது. பேர் பதிவானால்தான் கூலி. பதியாதவன் வேலைக்கே வராதவன்.

காலனி அரசு இந்தக் காட்டை 1902 முதல் காப்புக்காடாக்கியது விறகுக்காக. பிறகு கரி வந்தது. இன்றும் 30 ஆண்டுச் சுழற்சியில் பாக்காவ் மரத்தை வெட்டி, மறுபடி வளர்க்கிறார்கள். 1928இல் வன அதிகாரி ஜே. ஜி. வாட்சன் மலாயாவின் சதுப்புக்காடுகளைப் பற்றி நூல் எழுதினார். மாதத்தில் எத்தனை தடவை கடல்நீர் ஏறுகிறது என்று பார்த்து நிலத்தை ஐந்து வகையாகப் பிரித்தார். முதல் வகையில் 56 தடவைக்குக் குறையாது. ஐந்தாவதில் இரண்டு தடவைகூட ஏறாது. அருமையான கணக்கு. ஆனாலும் அது மரத்தின் செக்ரோல். காட்டை விறகாகப் பார்த்த அரசுக்கு அதுவே போதும்.

சேற்றுக்குள் குடியிருக்கும் நண்டுக்கும் நத்தைக்கும் பேர் பதிய வேறு ஆட்கள் வர வேண்டியிருந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஏ. சசிகுமார் 1970இல் தன் முதுநிலை ஆய்வேட்டைச் சதுப்புக்காட்டு விலங்குகளைப் பற்றி எழுதினார். 1974இல், ஒரு மலாயாச் சதுப்புக் கரையில் எந்த உயிர் எங்கே வாழ்கிறது என்ற அவருடைய கட்டுரை பிரிட்டனின் விலங்குச் சூழலியல் இதழில் வந்தது. 1992இல் அவரும் சக ஆய்வாளர்களும் சதுப்புக்காட்டை மீனும் இறாலும் வாழும் இடமாக ஆராய்ந்து எழுதினார்கள்.

மரம் மட்டும் பதிவாகியிருந்தால், காட்டை அழிக்கும்போது நட்டம் இத்தனை டன் கரி என்று கணக்கு முடிந்துவிடும். இறாலும் பதிவான பிறகு, மீனவனின் வலையும் அந்தக் கணக்கில் வருகிறது.

நீர் வற்றும் நேரம் பார்த்து, முழங்கால் சேற்றில் சதுரச் சட்டம் வைத்து, அதற்குள் இருப்பதை எண்ணும் மாணவர் இன்றும் இந்த வேலையைத்தான் செய்கிறார். அலுப்பான வேலை. ஆனால் பழைய எண் ஒன்று கையில் இல்லாவிட்டால், குறைந்துவிட்டது என்று யாரும் நிரூபிக்க முடியாது. செக்ரோலில் பேர் விடுபட்டு ஒருநாள் கூலியை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்லவா வேண்டும்?