தட்டில் வந்த பாடம்

பிள்ளைகளுக்கு நல்ல உணவுப் பழக்கத்தை எப்படிச் சொல்லித் தருவது என்று இன்று பலரும் கேட்கிறார்கள். நம் பள்ளிகளில் அது தட்டிலேயே வந்தது.

1920இல் தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளித்தது. 1956இல் காமராஜர் மதிய உணவை மாநிலத் திட்டமாக்கினார். பசித்த பிள்ளை பள்ளிக்கு வரவேண்டும், அதுதான் நோக்கம். 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். தொடங்கியபோது பெயர் ‘சத்துணவு’ என்றானது. வயிறு நிறைந்தால் மட்டும் போதாது என்பதை அந்தச் சொல்லே ஊருக்குச் சொன்னது. 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது.

பெண்ணாடத்தில் அந்தப் பந்தியைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் கீரையை ஒதுக்கும் பிள்ளை, பக்கத்துப் பிள்ளை சாப்பிடுவதைப் பார்த்துத் தானும் சாப்பிடும். அதட்டல் தேவைப்படவில்லை.

ஆனால் என் மகனை அங்கே உட்கார விடவில்லை. சம்பளக்காரன் வீட்டுப் பிள்ளை என்ற கௌரவம். டிபன் பாக்ஸைத் திறந்து தனியே சாப்பிட்டான். இன்று அவன் பிள்ளை சிப்ஸ் பாக்கெட்டை விட்டுக் கீரையைத் தொடுவதில்லை. பேரனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

2022இலிருந்து அரசுப் பள்ளிகளில் காலை உணவும் வந்துவிட்டது. பெற்றோர்களே, கௌரவம் பார்க்காதீர்கள். சேர்ந்து உட்காரட்டும்.