டெட்ராய்ட்டின் க்ஷயம்

அமெரிக்க தேசத்து டெட்ராய்ட் நகரம் சீர்குலைந்ததற்குக் காரணம் யாதென வினவினால், 1967-ஆம் வருஷத்துக் கலகத்தையே பலரும் சுட்டிக்காட்டி, கறுப்பர் கொளுத்தினர், வெள்ளையர் ஓடினர், நகரம் பாழாயிற்று என்று மூன்றே வாக்கியங்களில் ஒரு சரித்திரத்தை முடித்துவிடுவது வழக்கமாயிருக்கிறது. ஆனால் 1950-இல் 18.5 லட்சமாக இருந்த ஜனத்தொகை, அக்கலகத்துக்கு ஏழாண்டுகள் முன்பே, 1960-இல், 16.7 லட்சமாகக் குறைந்திருந்தது.

1914-இல் ஹென்றி ஃபோர்டு தினக்கூலி 5 டாலர் என்று அறிவித்த பின், தென் மாகாணங்களின் பருத்திக் காடுகளை விட்டுக் கறுப்பர்கள் திரள்திரளாக வந்து சேர்ந்தார்கள்; 1910-இல் ஆறாயிரத்துக்கும் குறைவாயிருந்த அவர்கள் 1930-இல் 1.2 லட்சம் ஆயினர். ஆலையில் அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது உலைக்களத்து வேலை. குடியிருக்கக் கிடைத்தது நகரின் கீழ்ப்புறத்தில் 'பிளாக் பாட்டம்' என்ற நெருக்கடியான பேட்டை. பிற தெருக்களின் கிரயப் பத்திரங்களிலோ, கறுப்பருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. ஆயினும் அந்தப் பேட்டையின் ஹேஸ்டிங்ஸ் வீதியில் மருந்துக் கடையும், உணவு விடுதியும், சங்கீத சாலையும், தேவாலயமும் அவர்கள் கையாலேயே தழைத்தன.

1941-இல் நிகழ்ந்த ஒரு காரியம், கறுப்பரை ஒதுக்கிய இந்தத் துவேஷம் எவ்வளவு நிதானமாகவும் சட்டபூர்வமாகவும் நடைபெற்றது என்பதைத் தெளிவுபடுத்தும். எட்டாவது மைல் சாலைக்கு அருகே வெள்ளையருக்கென வீடு கட்டி விற்க முனைந்த ஒருவர், பக்கத்திலேயே கறுப்பர் குடியிருப்பு இருந்தமையால் சர்க்காரின் கடன் உத்தரவாதம் மறுக்கப்பட, இரண்டுக்கும் நடுவே ஆறடி உயரத்தில் அரை மைல் நீளத்துக்கு ஒரு சுவரை எழுப்பினார். உத்தரவாதம் உடனே கிடைத்தது. ஏறிக் குதிக்கக்கூடிய சுவர் மனிதரைத் தடுக்காது என்பது கட்டியவருக்கும் தெரியும், அதிகாரிகளுக்கும் தெரியும். அது கடன் ஏட்டின் பொருட்டு எழுந்த சுவர்.

1943 ஜூன் மாதம், மூன்று கறுப்பருக்குப் பதவி உயர்வு அளித்ததற்காகப் பாக்கார்டு மோட்டார் ஆலையில் 25,000 வெள்ளைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். அதே மாதம் நகரில் மூண்ட இனக் கலகத்தில் மாண்ட 34 பேரில் 25 பேர் கறுப்பர்.

பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல் செய்யலாகாதென 1948-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில், நகரச் சீரமைப்பு என்ற மங்களகரமான பெயரால், பிளாக் பாட்டமே இடிக்கப்பட்டது. இடித்த நிலம் பல வருஷங்கள் வெறுமனே கிடந்தது; ஹேஸ்டிங்ஸ் வீதி விரைவுப் பெருஞ்சாலைக்கு இரையாயிற்று. அங்கே வாடகைக்கு இருந்தோரில் பலர் மேற்கிலிருந்த பன்னிரண்டாம் தெருவை நாடி, பிளந்து பிளந்து வாடகைக்கு விடப்பட்ட அறைகளில் அடைந்தார்கள். 1967 ஜூலை 23-ஆம் நாள் விடியுமுன், உரிமமின்றி நடந்த ஒரு மதுச்சாலையைப் போலீசார் சோதனையிட்டதும், 43 உயிர்களைக் கொண்ட கலகம் மூண்டதும் அந்தத் தெருவில்தான்.

அதற்குள் ஆலைகளோ, விசாலமான மலிவு நிலத்தைத் தேடிப் புறநகர் சென்றுகொண்டிருந்தன. சர்க்கார் உத்தரவாதம் பெற்ற கடனோடு வெள்ளையரும் அவ்வண்ணமே சென்றனர். 1974-இல் கோல்மன் யங் முதல் கறுப்பு மேயராகப் பதவியேற்றார். அவ்வாண்டிலேயே, பள்ளிகளில் இனம் கலப்பதற்காகப் புறநகர்ப் பள்ளிகளையும் நகரத்தோடு சேர்க்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வரி செலுத்துவோர் எல்லைக்கு அப்பாலும், கடன் இப்பாலும் தங்கிவிட்ட அந்நகரம், 7 லட்சம் மக்களோடு 2013-இல் திவால் மனுச் செய்தது.