நாய்க்குப் பத்தியம்: ஒரு குட்டி வரலாறு

"நாய்க்கு அலர்ஜியா? மனுஷனுக்கே இப்பதானே இதெல்லாம் வந்திருக்கு!" என்று ஒரு நண்பன் சிரித்தான். அவனுக்காகவே இதை எழுதுகிறேன். அலர்ஜி என்ற சமாச்சாரமே மருத்துவ உலகத்துக்குப் பிடிபட்டது ஒரு நாயிடம்தான். அங்கிருந்து ஆரம்பித்தால், உடம்பைச் சொறிந்துகொண்டே இருக்கும் நாய்க்கு என்ன சாப்பாடு போடுவது என்ற இன்றைய குழப்பம் வரைக்கும் வந்து சேரலாம்.

1901ஆம் ஆண்டு. மொனாக்கோ நாட்டு இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டுக்குக் கடல் ஆராய்ச்சியில் பைத்தியம். அவருடைய சொகுசுக் கப்பலில் சார்லஸ் ரிஷே, பால் போர்ட்டியே என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் போனார்கள். ஜெல்லிமீன் மாதிரி மிதக்கும் ஒரு கடல் உயிரியின் விஷத்தை ஆராய்வது வேலை. பிரான்சுக்குத் திரும்பியதும் கடல் அனிமோனின் விஷத்தை எடுத்து, நாய்களுக்குச் சிறிது சிறிதாக ஊசி போட்டுப் பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் உடம்பு பழகிவிடும், பிறகு விஷம் ஏறாது என்பது அவர்கள் கணக்கு. நெப்டியூன் என்ற திடகாத்திரமான நாய்க்கு முதல் ஊசியில் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. சுமார் மூன்று வாரம் கழித்து, 1902 பிப்ரவரியில், மறுபடி சிறிய அளவில் ஊசி போட்டார்கள். சில வினாடிகளில் மூச்சுத் திணறல். அரை மணி நேரத்துக்குள் நெப்டியூன் செத்துவிட்டது.

கணக்கு தலைகீழாகிவிட்டது. பழகப் பழக உடம்பு தாங்கிக்கொள்ளும் என்று நினைத்தால், பழகியதே எமனாகிவிட்டது. இதற்கு ரிஷே 'அனபிலாக்சிஸ்' என்று பெயர் வைத்தார், 1913இல் நோபல் பரிசும் வாங்கினார். 'அலர்ஜி' என்ற சொல் 1906இல் வியன்னாவின் கிளெமென்ஸ் வான் பிர்க்கே உண்டாக்கியது. நெப்டியூனுக்கு யாரும் எதுவும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

நாய்களின் உணவு அலர்ஜி பெரும்பாலும் நெப்டியூனுக்கு ஆன மாதிரி உயிரை எடுப்பதில்லை. தோல் அரிப்பு, பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பது, திரும்பத் திரும்ப வரும் காதுப்புண், சில சமயம் வயிற்றுப்போக்கு. ஆனால் நெப்டியூன் கற்றுத்தந்த பாடத்தை இங்கே மறக்கக் கூடாது. புதிதாகச் சாப்பிட்ட பொருளுக்கு உடம்பு சண்டைக்கு வராது. ஏற்கெனவே அறிமுகமான பொருளுக்குத்தான் வரும். "இத்தனை வருஷமா இதைத்தானே போடறோம், அதுவா ஒத்துக்காம போகும்?" என்று வீட்டுக்கு வீடு கேட்கிறார்கள். அதுவேதான்.

அப்படியானால் நாய்கள் இத்தனை காலமாக என்ன தின்றுகொண்டிருந்தன? மனிதன் தின்றதில் மிச்சம், அவ்வளவுதான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் ரோமானிய எழுத்தாளர் வாரோ, ஆட்டு மந்தைக் காவல் நாய்களுக்குப் பாலில் ஊறவைத்த பார்லி ரொட்டி போடச் சொல்கிறார். நம் கரிசல் காட்டு வேட்டை நாய்கள் கம்பங்கூழில் வளர்ந்தன. 1860களில் லண்டனுக்கு வந்த ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர், துறைமுகத்தில் கப்பல் பிஸ்கட்டை நாய்கள் தின்பதைப் பார்த்து, மாவும் காய்கறியும் இறைச்சியும் கலந்து நாய் பிஸ்கட் விற்க ஆரம்பித்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. 1922இல் அமெரிக்காவில் குதிரைக்கறி டின்னில் அடைத்து வந்தது. கார் வந்தபின் வேலையில்லாமல் போன குதிரைகள்! இரண்டாம் உலகப்போரில் தகரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததும் டின் உணவு படுத்து, உலர் உணவு எழுந்தது. 1950களின் இரண்டாம் பாதியில் இயந்திரத்தில் அழுத்திப் பொரித்த உருண்டைகள் மூட்டை மூட்டையாக வந்தன. ஒரே மூட்டை, ஒரே கறி, ஒரே தானியம், வாழ்நாள் முழுக்க. இதனால்தான் அலர்ஜி வந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு நாய் எதற்குப் பழகியிருக்கிறது என்பதைக் கடைக்காரர் தீர்மானிக்கும் காலம் வந்துவிட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது கலிபோர்னியாவின் ஓக்லண்டுக்குப் போவோம். 1920களில் அங்கே ஆல்பர்ட் ரோ என்ற டாக்டர் மனிதர்களின் உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார். தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை உணவு விஷயத்தில் அடிக்கடி காலை வாரியது. அவர் செய்தது நம் பாட்டிகள் சொல்லும் பத்தியம்தான், ஆனால் கொஞ்சம் முறையாக. சந்தேகத்துக்குரிய பால், முட்டை, கோதுமையை எல்லாம் ஒரேயடியாக நிறுத்திவிட்டு, நோயாளி அதிகம் சாப்பிடாத சில பொருள்களை மட்டும் கொடுப்பது. நோய் அடங்கினால், நிறுத்தியதை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்து எது வம்பு செய்கிறது என்று பார்ப்பது. அந்தப் பட்டியலில் ஆட்டுக்குட்டிக் கறியும் அரிசியும் இருந்தன. அமெரிக்கர்கள் அன்றும் இன்றும் மாட்டுக்கறிப் பிரியர்கள், ஆடு அவர்களுக்கு அபூர்வம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கால்நடை மருத்துவர்கள் இந்த வழிக்கு வரக் கொஞ்ச காலம் ஆனது. 1930களின் இறுதியில் மோரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்றவரின் வழிகாட்டி நாய் பட்டிக்கு சிறுநீரகக் கோளாறு வந்தது. நியூஜெர்சி கால்நடை மருத்துவர் மார்க் மோரிஸ் அதற்கென்று தனி உணவு தயாரித்துக் கொடுத்தார். மருந்துச்சீட்டில் எழுதித் தரும் நாய் உணவு என்ற யோசனை அங்கே பிறந்தது. பின்னாளில் அந்த வரிசையில் அலர்ஜிக்கும் ஒரு உணவு சேர்ந்தது. உள்ளே என்ன? ஆட்டுக்கறியும் அரிசியும்! 1967இல் பிரிட்டனில் வால்டன் என்ற ஆய்வாளர், உணவால் தோல்நோய் வந்ததாக உறுதிசெய்யப்பட்ட நூறு நாய், பூனைகளைப் பற்றி எழுதினார். அதன்பிறகு "நாய்க்கெல்லாமா?" என்று சிரிக்க டாக்டர்களுக்கு இடமில்லாமல் போனது.

இனிதான் வேடிக்கை. 1980களிலும் 90களிலும் 'ஆட்டுக்கறி-அரிசி' என்ற பெயரைக் கம்பெனிகள் பிடித்துக்கொண்டன. டாக்டர் கொடுத்தால் நல்லதாகத்தானே இருக்கும் என்று ஜனங்களும் வாங்கினார்கள், அலர்ஜி இல்லாத நாய்களுக்கும் சேர்த்து. ஆட்டுக்கறியில் அலர்ஜியைத் தடுக்கும் மந்திரம் எதுவும் கிடையாது. அமெரிக்க நாய்க்கு அது அறிமுகம் இல்லை என்பதுதான் அதன் ஒரே தகுதி. எல்லா நாயும் தின்ன ஆரம்பித்ததும் அந்தத் தகுதி போய்விட்டது. டாக்டர்கள் மானுக்கும் வாத்துக்கும் முயலுக்கும் கங்காருவுக்கும் போனார்கள். கம்பெனிகள் பின்னாலேயே வந்தன.

இந்த இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமெரிக்கப் புத்தகத்தில் 'புதிய புரதம்' என்று போட்டிருப்பதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் எப்படி? ஞாயிற்றுக்கிழமைதோறும் மட்டன் எலும்பு கிடைக்கும் நம் வீட்டு நாய்க்கு ஆடு பால்ய சிநேகிதன். சரியான உணவு எது என்பது டப்பாவின் மேல் எழுதியிருக்காது. அந்த ஒரு நாய் பிறந்தது முதல் என்னென்ன தின்றது என்ற கதையில்தான் இருக்கும்.

எத்தனை நாள் பத்தியம் என்பதிலும் ஒரு பெரிய தவறு நடந்துகொண்டிருந்தது. மூன்று வாரம் போதும் என்று நெடுநாள் நம்பியிருந்தார்கள். 1993இல் ராசர் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர், உணவு அலர்ஜி உறுதியான 51 நாய்களின் கணக்கை வெளியிட்டார். மூன்று வாரத்துக்குள் தேறியவை 13 மட்டுமே. சிலவற்றுக்குப் பத்து வாரம் வரை ஆனது. மூன்று வாரத்தில் கைவிட்ட பழைய டாக்டர்கள், சரியான உணவைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே "இது உணவு அலர்ஜி இல்லை" என்று எத்தனை நாய்களை அனுப்பியிருப்பார்கள்! அந்த நாய்கள் மிச்ச ஆயுளையும் சொறிந்துகொண்டே கழித்திருக்கும். 2015இல் பழைய ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, எட்டு வாரம் இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிடிபட்டுவிடும் என்று தெரிந்தது. தேறியபின் பழைய உணவைத் திரும்பப் போட்டு, அரிப்பு மறுபடி வருகிறதா என்று பார்க்கவும் வேண்டும். அதுவரை எதுவும் நிரூபணம் இல்லை. பலர் இந்தக் கடைசிப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். நன்றாகிவிட்ட நாயை மறுபடி சொறியவைக்க யாருக்கு மனசு வரும்?

எட்டு வாரம் என்பது சொல்லச் சுலபம். தாத்தா டீயில் நனைத்துப் போடும் பிஸ்கட், குழந்தை கீழே சிந்தும் தயிர்சாதம், மாட்டுக்கறி வாசனை சேர்த்த பூச்சி மாத்திரை, ஏதாவது ஒன்று உள்ளே போனாலும் எண்ணிக்கை முதலிலிருந்து. தயிர்சாதம் சாதாரண விஷயமில்லை. 297 அலர்ஜி நாய்களின் தகவலைத் தொகுத்து 2016இல் வந்த ஒரு கட்டுரையில் மாட்டுக்கறி 34 சதவீதம், பால் பொருள்கள் 17, கோழி 15, கோதுமை 13. அரிசி வெறும் 2.

கடையில் வாங்கும் உணவை நம்பலாமா? 2011இல் அமெரிக்காவில் சாதாரணக் கடைகளில் விற்ற நான்கு மான்கறி உணவுகளை வாங்கிச் சோதித்தார்கள். மூன்றில் சோயா இருந்தது, ஒன்றில் மாட்டுக்கறி இருந்தது. லேபிளில் இரண்டும் கிடையாது. ஒரே இயந்திரத்தில் காலையில் மாடு, மாலையில் மான் என்று அரைத்தால் இப்படி ஆக வாய்ப்பு உண்டு. மாதக்கணக்கில் பத்தியம் காத்த குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம்!

சரி, ரத்தப் பரிசோதனை செய்துவிட்டால்? 1991லேயே அது உணவு அலர்ஜிக்கு நம்பத் தகுந்ததல்ல என்று ஆய்வு வந்துவிட்டது. அப்புறம் முடியும் எச்சிலும் அனுப்பினால் போதும் என்று ஒரு வியாபாரம் கிளம்பியது. 2019இல் இரண்டு தோல் மருத்துவர்கள் குறும்பாக ஒரு வேலை செய்தார்கள். அலர்ஜி உள்ள நாய், இல்லாத நாய் இரண்டின் மாதிரிகளோடு, ஒரு பொம்மையின் செயற்கை முடியையும் வெறும் உப்புத் தண்ணீரையும் அனுப்பி வைத்தார்கள். பொம்மைக்கும் அலர்ஜிப் பட்டியல் வந்தது! ரோ டாக்டர் செய்ததை விட்டால் இன்றும் வேறு நம்பகமான வழி இல்லை.

தானியமில்லா உணவு என்ற அலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2007இல் சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்து அமெரிக்காவில் ஏராளமான நாய், பூனைகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. அந்தப் பயமும் சேர்ந்து, தானியமே நாய்க்கு ஆகாது என்ற பிரசாரம் பலமாகக் கிளம்பியது. ஆனால் ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுப் பிரதிகள் அதிகம் என்று 2013இல் சுவீடன் விஞ்ஞானிகள் காட்டினார்கள். 2018இல் அமெரிக்க அரசின் உணவு மருந்து அமைப்பு, பட்டாணியும் பருப்பும் நிறையச் சேர்த்த சில தானியமில்லா உணவுகளுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று விசாரிக்க ஆரம்பித்தது. அது இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் மேலே சொன்ன எண்களைப் பாருங்கள். மாட்டுக்கறியை விட்டுவிட்டு அரிசியைப் பழி சொல்வதில் என்ன நியாயம்?

அறிமுகமில்லாத கறி தீர்ந்துபோனால், அறிமுகமான கறியையே அடையாளம் தெரியாமல் மாற்றிவிடலாம் என்று இன்னொரு யோசனை. புரதத்தைத் துண்டு துண்டாக நறுக்குவது. 1942லேயே பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்கு இந்த முறையில் பால் மாவு வந்துவிட்டது. நாய்க்கு வர 1990களின் கடைசி ஆனது. நறுக்குவதிலும் அளவு இருக்கிறது. 2016இல் கோழி அலர்ஜி உள்ள பத்து நாய்களுக்கு ஓரளவு நறுக்கிய கோழி ஈரல் புரதம் கொடுத்தபோது நான்குக்கு அரிப்பு திரும்பியது. மிக நுண்ணியதாக நறுக்கிய கோழி இறகுப் புரதத்துக்கு ஒன்றும் சொறியவில்லை. ஆமாம், இறகுதான்.

இப்போது ஐரோப்பியக் கடைகளில் ஈப் புழுவிலும் மாவுப் புழுவிலும் செய்த நாய் உணவு வந்திருக்கிறது. எந்த நாய்க்கும் அறிமுகமில்லாத புரதம் என்பதுதான் விளம்பரம். ஆனால் வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சிகளுக்கு அலர்ஜி உள்ள நாய்களின் ரத்தம், மாவுப் புழுவின் புரதத்தையும் அடையாளம் கண்டுகொள்கிறது என்று 2021இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. புழுவை அந்த நாய்கள் ஒருநாளும் தின்றதில்லை. அதன் உறவுக்காரர்களோடு ஒரே மெத்தையில் படுத்துத் தூங்கியிருக்கின்றன.