மடுல்சீமையும் இளங்காளைப் பழக்கமும்

1867இல் கண்டியை அடைந்த புகையிரதம் பதுளைக்கு வந்தது 1924இலேயே. அதுவரை மடுல்சீமைக் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் மலையிறக்குவதில் மாட்டு வண்டிகளுக்குப் பெரும் பங்கிருந்தது. 1869இல் கோப்பி இலைநோய் முதலிற் கண்டறியப்பட்ட இடமாக இப்பகுதியைக் குறிக்கும் வரலாற்று நூல்கள், காளைகளைப் பழக்கியோரைப் பெரும்பாலும் குறிப்பதில்லை.

மலைச்சரிவில் மிரளும் காளை வண்டியோடு வண்டிக்காரரையும் பள்ளத்தில் வீழ்த்தும். அடியோ மிரட்சியை வளர்க்கும். எனவே முரண்டு பிடிக்கும் இளங்காளைக்கு மூக்கணாங்கயிறிட்டு, பழகிய காளையுடன் நுகத்திற் பூட்டி, முதலில் வெறும் வண்டியையும் பின்னர் சிறுபாரத்தையும் இழுக்கச் செய்வது உழவர் மரபு.

தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருட் பலர் உழவுக் குடியினர். அவர்களைக் 'கூலிகள்' என்றே தோட்ட நிருவாகம் எண்ணிற்று. ஏட்டிலேறாத அவ்வறிவையும் மலையக உழைப்பு வரலாற்றிற் சேர்த்தல் வேண்டும் என்பதே எமது கருத்து.